நீரில் கரையும் உலோகம்: அளவும் ஆபத்தும்

கொல்கத்தா மாநகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, ‘பேரி’ எனப்படும் மீன் வளர்ப்புக் குளங்களை அடைகின்றது. அங்கு வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் அதனைத் தூய்மைப்படுத்துகின்றன; கழிவே மீனுக்கு உணவாக மாறுகின்றது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலம் 2002-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

டாங்ரா, தில்ஜலா, தொப்சியா பகுதிகளின் தோல் பதனிடும் கூடங்களிலிருந்து வெளியேறிய நீரும் நெடுங்காலம் இக்கால்வாய்களில் கலந்து வந்தது. அக்கூடங்களை இடம் மாற்றுமாறு 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் கால்வாய் வண்டலில் படிந்துள்ளது. அது மீனுக்கும் மனிதனுக்கும் எத்துணைத் தீங்கானது?

வண்டலில் உள்ள மொத்த அளவு மட்டும் இதற்கு விடை தாராது. மீனின் செவுள் வழியே உட்புகுவது பெரும்பாலும் நீரில் கரைந்த உலோகமே. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். நடுநிலையான நீரில் இது ஹைட்ராக்சைடாகி வீழ்படிந்துவிடும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமோ எளிதில் கரைவது; நச்சுத்தன்மையும் மிக்கது. ஆகவே, எந்த வடிவில், எவ்வளவு கரைகின்றது என்பதே முதன்மையான வினா.

உலோகங்களையும் எளிதில் கரையாத அவற்றின் சேர்மங்களையும் இவ்வாறு ஆராய்வதற்கான நெறிமுறையைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2001-இல் வெளியிட்டது. அமில காரத் தன்மை வரையறுக்கப்பட்ட நீரில், லிட்டருக்கு 1, 10, 100 மில்லிகிராம் வீதம் பொருளை இட்டு, 7 நாட்கள் சீராகக் கலக்குவர். நீண்டகாலத் தீங்கை அறிய, 1 மில்லிகிராம் அளவில் 28 நாட்கள் வரை சோதனை தொடரும். இடையிடையே நீரை எடுத்து, நுண்துளை வடிகட்டியில் வடித்து, கரைந்த உலோகத்தை அளப்பர். மீன், நீர்த்தெள்ளு, பாசி ஆகியவற்றுக்குத் தீங்கு தரும் செறிவுடன் அதனை ஒப்பிட்டால், அப்பொருளின் ஆபத்து வகுப்பு புலனாகும். ஒரே உலோகம் கட்டியாக இருப்பதைவிடத் தூளாக இருக்கையில் விரைந்து கரையும். பரப்பு மிகுவதே காரணம்.

இச்சோதனை ஒரு பொருளின் இயல்பை வகைப்படுத்தவே உதவும். கால்வாய் வண்டலுக்குச் சான்றிதழ் வழங்காது. ஆய்வகத்தின் தூய நீர் வேறு; கரிமப் பொருளும் கந்தகமும் நிறைந்த சேறு வேறு. இன்று சேற்றில் கட்டுண்டிருக்கும் உலோகம், நீர் அமிலத்தன்மை அடைந்தாலோ, தூர்வாரும்போது சேறு காற்றுடன் கலந்தாலோ, மீண்டும் கரையக்கூடும்.

எனவே, மொத்த அளவைக் கண்டு அஞ்சுவதும், இன்று கரையவில்லை என்று அமைதி கொள்வதும் ஒருசேரத் தவறாகும். வண்டலின் மொத்த உலோகம், நீரில் கரைந்த பகுதி, நீரின் அமில காரத் தன்மை, மீன் தசையில் சேர்ந்த அளவு ஆகிய நான்கையும் தொடர்ந்து அளந்து வருதல் வேண்டும். நகரின் உணவும் மீனவரின் பிழைப்பும் அந்த அளவீட்டையே சார்ந்துள்ளன.