டிஜிட்டல் தண்டவாளத்தில் ஓர் எல்இடி

அந்தமானில் பயணிகள் ரயில் கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் வரை சுமார் 240 கி.மீ. பாதை போடும் திட்டம் காகிதத்தோடு நிற்கிறது. ஆனாலும் தண்டவாளத்தையே பார்க்காத தீவுகள் அல்ல அவை. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையில் தண்டவாளத்தின் மேல் தள்ளுவண்டிகளில்தான் மரத்தடிகள் நகர்ந்தன. அந்த ஆலை முற்றத்தை மேசைமேல் மாடலாக அமைக்க ஒருவர் கிளம்பினால், அதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் எல்இடி கப்பலில் வந்துசேரவே மூன்று நாளாகும். கருக்கிவிட்டால் அடுத்த கப்பல்தான்.

கருகுவதும் சுலபம். பழைய மாடல் ரயிலில் வேகத்துக்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். டிஜிட்டல் முறையான டிசிசி-யில் தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ட் முழுசாக இருக்கும். இரண்டு தண்டவாளங்களுக்கிடையே பிளஸ்ஸும் மைனஸும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது ‘1’. 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நீடித்தால் ‘0’. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இதைப் படித்துத்தான் எஞ்சினை ஓட்டுகிறது, நிறுத்துகிறது, விளக்கு போடுகிறது.

எந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறது என்று காட்ட, அந்தத் தண்டவாளத்திலிருந்தே ஒரு சிவப்பு எல்இடிக்கு ஒயர் இழுப்பது வழக்கம். ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. எல்இடி ஒரு திசையில்தான் மின்சாரம் கடத்தும்; எதிர்த்திசையில் பெரும்பாலும் 5 வோல்ட்தான் தாங்கும். எதிர்ப்பாதியில் மின்னோட்டமே இல்லாததால் ரெசிஸ்டரால் அழுத்தத்தைக் குறைக்க முடியாது, 15 வோல்ட்டும் அப்படியே எல்இடி மேல் விழும். உடனே போய்விடாமல் சில நாள் எரிந்து காட்டும் என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று.

மருந்து மலிவு: 1என்4148 டயோடு ஒன்றை எல்இடியின் இரு கால்களுக்கும் குறுக்கே தலைகீழாகப் பற்றவைக்க வேண்டும். எதிர்ப்பாதி மின்சாரம் டயோடு வழியே போய்விடும், எல்இடிக்கு 0.7 வோல்ட்தான் தெரியும். டயோடுக்குப் பதில் ஒரு பச்சை எல்இடியையும் வைக்கலாம். இரண்டும் மாறி மாறி எரிந்தாலும் கண்ணுக்கு ஒன்றாகவே எரியும். பழைய நேர்மின்சார ரயிலில் இந்த ஜோடி வண்டி போகும் திசையைக் காட்டும். இங்கே அந்த வேலைக்கு ஆகாது.

இனி ரெசிஸ்டர். 1,000 ஓம் போட்டால் 13 மில்லி ஆம்பியர் ஓடும். எதிர்ப்பாதியையும் சேர்த்தால் ரெசிஸ்டரில் ஏறக்குறைய 0.2 வாட் வெப்பம். கால் வாட் ரெசிஸ்டர் கையைச் சுடும். 4,700 ஓம் போட்டால் 3 மில்லி ஆம்பியர், 0.04 வாட். இன்றைய எல்இடிக்கு அந்த வெளிச்சம் தாராளம். ஒவ்வொரு எல்இடிக்கும், அல்லது சிவப்பு-பச்சை ஜோடிக்கும், தனி ரெசிஸ்டர் வேண்டும்.

எஞ்சின் விளக்கு வேறு கதை. டிகோடரின் நீல ஒயர் பொது பிளஸ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. இங்கே நேர்மின்சாரம், டயோடு தேவையில்லை. எல்இடியின் நீளக்கால் நீலத்துக்கு, குட்டைக்கால் ரெசிஸ்டர் வழியே வெள்ளைக்கு. நீல ஒயர் மட்டும் தண்டவாளத்தைத் தொடவே கூடாது, டிகோடர் போய்விடும்.

தீவின் உப்புக்காற்று பற்றவைப்பில் மிஞ்சிய பசையை ஈரமாக்கிச் செம்பை அரிக்கும். ஆகவே துடைத்துவிட்டு, சுருங்கும் குழாய் மாட்டவும். கடைசியாக, ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒயர் மெல்லிசு. 5 ஆம்பியர் பூஸ்டர் 75 வாட் வரை ஒரே இடத்தில் கொட்டி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.