செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியுதா? ஸ்பார்க் பிளக்கை எப்போது, எப்படி மாற்றணும்? முழு விவரம்!

கார் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் மாற்றுவதை பெரும்பாலும் மறப்பதில்லை. ஆனால் ஸ்பார்க் பிளக் என்று வந்துவிட்டால், "வண்டிதான் ஓடுதுல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதே பலரின் பதில். சில நூறு ரூபாய் பிளக்கை மாற்றாமல் விட்டு, பல ஆயிரம் ரூபாய் பாகத்துக்கு உலை வைப்பது இங்கேதான் நடக்கிறது.

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பற்ற வைப்பதுதான் பிளக்கின் வேலை. பேட்டரி கொடுப்பது வெறும் 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதை 20,000 வோல்ட் வரைக்கும், தேவைப்பட்டால் அதற்கு மேலும் உயர்த்துகிறது. பிளக் முனையில் உள்ள சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியை அந்த மின்சாரம் தாண்டும்போது பொறி பறக்கிறது. இன்ஜின் 3,000 ஆர்பிஎம்-ல் சுற்றினால் ஒரு பிளக் நொடிக்கு 25 முறை பொறி விட வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் முனை கொஞ்சம் கொஞ்சமாக தேயும், இடைவெளி அகலமாகும், காயிலுக்கு சுமை கூடும்.

டீசல் கார்காரர்களுக்கு ஒரு விஷயம்: உங்க வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, இருப்பது க்ளோ பிளக். சர்வீஸ் பில்லில் 'ஸ்பார்க் பிளக்' என்று இருந்தால் தாராளமாக கேள்வி கேளுங்க.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை?

சாதாரண நிக்கல் முனை பிளக் என்றால் பொதுவாக 30,000 முதல் 50,000 கி.மீ. வரை தாங்கும். பிளாட்டினம், இரிடியம் வகைகள் 1 லட்சம் கி.மீ. வரைகூட உழைக்கும். உங்க காருக்கான சரியான கணக்கு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. சிஎன்ஜி-யில் ஓடும் வண்டிகளில் பற்ற வைக்க அதிக வோல்டேஜ் தேவை என்பதால் பிளக் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

மாற்ற நேரம் வந்துவிட்டதை வண்டியே சொல்லும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை நடுக்கம் தெரியும். மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இருக்காது. மெக்கானிக் பாஷையில் சொன்னால், 'மிஸ்ஸிங் அடிக்குது'.

இதை லேசாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. பொறி வராத சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்கு போகும். அங்கே புகையை சுத்தம் செய்ய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால், தேன்கூடு போன்ற அதன் உள்பாகம் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். பிறகு வண்டி மூச்சு முட்டியது போல இழுக்கவே இழுக்காது. செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டலாம். விட்டு விட்டு எரிந்தால் கன்வெர்ட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். "இன்னும் 50 கிலோமீட்டர்தானே" என்று ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், ஓரமாக நிறுத்தி உதவிக்கு ஆள் கூப்பிடுவதே நல்லது.

நாமே மாற்றலாமா?

பிளக் கண்ணுக்கு தெரிகிற மாதிரி, இன்ஜினின் மேலேயே இருக்கும் கார்களில் மாற்றலாம். முதல் விதி, இன்ஜின் முழுசாக ஆறியிருக்கணும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துவிடும். அந்த செலவுக்கு முன்னால் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

காயிலை கழற்றியதும் பிளக் குழியில் இருக்கும் தூசியை காற்றடித்து வெளியேற்றுங்க. இல்லாவிட்டால் மண் நேராக சிலிண்டருக்குள் விழும். ஒவ்வொரு பிளக்காக கழற்றி மாற்றினால் குழப்பம் வராது. புதிய பிளக்கை ஸ்பேனர் போட்டு ஆரம்பிக்கவே கூடாது. சாக்கெட்டை வெறும் கையால் சுற்றி மரையில் ஏற்றணும். இடையில் இறுகினால் கழற்றி மறுபடி முதலில் இருந்து. கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும், அளவு மேனுவலில் இருக்கும். 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று பலம் காட்டினால் மரை போய்விடும்.

கீழே விழுந்த பிளக்கை போடாதீங்க. உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. எமரி பேப்பரில் தேய்த்து மறுபடி மாட்டுவது பழைய பழக்கம். இரிடியம் பிளக்கில் அதை செய்தால் ஊசி போன்ற முனையே போய்விடும்.

பழைய பிளக்கை உடனே தூக்கி எறியாதீங்க. எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வைத்து நிறத்தை பாருங்க. வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக போகிறது, ஏர் ஃபில்டரை பார்க்கணும். முனை வெள்ளை வெளேர் என்று கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. பிளக் குழியில் ஆயில் நின்றால் பெரும்பாலும் டேப்பட் கவர் பக்கம் சீல் கசிகிறது. முனையிலேயே ஆயில் ஈரம் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். அதை சரி பண்ணாமல் எத்தனை புது பிளக் போட்டாலும் மறுபடி மிஸ்ஸிங்தான்.