6 சாவி இருந்தும் டோக்கன் போனது எப்படி?

டி.நகர் பேங்க் லாக்கரைத் திறக்க உங்க சாவியும் வேணும், பேங்க் சாவியும் வேணும். 2024-ல வஸீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சோட வாலட்டும் அதே மாதிரிதான் இருந்துச்சு. மொத்தம் 6 சாவி: 5 அவங்ககிட்ட, 1 லிமினல்ங்கிற கஸ்டடி கம்பெனிகிட்ட. 4 கையெழுத்து விழுந்தாதான் டோக்கன் நகரும்னு இருந்துச்சு. அப்படியும் 2024 ஜூலை 18 அன்னிக்கு சுமார் 23 கோடி டாலர் போயிடுச்சு. வஸீர்எக்ஸ் தந்த விளக்கப்படி, திரையில தெரிஞ்சது ஒண்ணு, கையெழுத்து விழுந்தது வேற ஒண்ணுக்கு: வாலட்டை இயக்குற கான்ட்ராக்டையே மாத்துற உத்தரவு அது. (இதையொட்டி வந்த வழக்குலதான் 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான்னு சொன்னது.)

நாலு பேர் சேர்ந்து போர்ட்ஃபோலியோ வெச்சிருந்தா, சாவியைக் கூட்டுறதைவிட டைம்லாக் முக்கியம். விதியை மாத்துற உத்தரவு எதுவா இருந்தாலும் 48 மணி நேரம் செயின்ல எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி காத்திருக்கணும். அதை ரத்து பண்ற சாவி, கையெழுத்து போடாத ஒருத்தர்கிட்ட இருக்கட்டும்.

ஓட்டெடுப்பு வெச்சா, அறிவிப்புக்கு முந்தின பிளாக்ல இருந்த டோக்கனை மட்டும் எண்ணுங்க. 2022 ஏப்ரல்ல பீன்ஸ்டாக்ல ஒருத்தர் ஃபிளாஷ் லோன் வாங்கியே ஓட்டைக் குவிச்சு கஜானாவைக் காலி பண்ணிட்டார்.

"மார்க்கெட் விழும்போது 48 மணி நேரம் காத்திருக்கணுமா?"னு கேப்பீங்க. வேண்டாம். விக்கிறதுக்கு ஒரு தினசரி வரம்பு வெச்சு உடனே விடுங்க. காத்திருப்பு விதி மாத்துறதுக்கும், வரம்பைத் தாண்டுற தொகைக்கும் மட்டும்.