இஞ்சிப்புல், துளசி, வேம்பு: எந்த எண்ணெய் எந்தப் பூச்சிக்கு வேலை செய்யும்?

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது உதியன்குளங்கரை. இந்தப் பக்கத்து ஊர்களில் பாவக்காய், பயறு போட்டவர்களுக்கு இரண்டு தலைவலி: கொழுந்தில் அசுவினி, பிஞ்சில் பழ ஈ. நாமே சாப்பிடும் காயில் விஷ மருந்து அடிக்க மனசு வராது. காசர்கோட்டின் எண்டோசல்பான் பாதிப்பையும், 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு விதித்த தடையையும் கேரளா மறக்கவில்லை. அதனால்தான் 'தைலம் தெளிச்சா போதும்' என்ற பேச்சு எளிதாக எடுபடுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை?

வாசனை எப்படி விரட்டுகிறது?

பல பூச்சிகள் செடியின் மணத்தை வைத்துத்தான் இரையைத் தேடுகின்றன. இஞ்சிப்புல் தைலத்தில் உள்ள சிட்ரால், கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் போன்றவை அந்தத் தேடலைக் குழப்பும். சில பூச்சிகளின் நரம்பையும் தாக்கும்.

அப்புறம் என்ன சிக்கல்?

இந்தத் தைலங்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும். மூடிய டப்பாவில் இருக்கும் பயறை வண்டிடமிருந்து காக்க இது நல்லது. மணம் உள்ளேயே நிற்கும். திறந்த தோட்டத்தில் வெயிலும் காற்றும் அதைக் கொண்டுபோய்விடும். அளவைக் கூட்டினால் இலை கருகும்.

வேப்பெண்ணெயும் அப்படித்தானா?

இல்லை. வேப்பெண்ணெய் வாசனைத் தைலம் அல்ல. விதையைப் பிழிந்து எடுப்பது. அதிலுள்ள அசாடிராக்டின், பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவும் விடாது. அசுவினி, வெள்ளை ஈக்கு கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது 2 சதவீத வேப்பெண்ணெய்-பூண்டுக் கரைசல்.

10 லிட்டருக்கு: 50 கிராம் பார் சோப்பை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 200 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நன்றாகக் கலக்கவும். 200 கிராம் பூண்டை அரைத்து, 300 மில்லி நீரில் எடுத்த சாறைச் சேர்க்கவும். இதோடு 9 லிட்டர் தண்ணீர். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கணும். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும்.

துளசிப் பொறி பாவக்காய்க்கு உதவுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துளசி ஈயை விரட்டுவதில்லை, கூப்பிடுகிறது. அதிலுள்ள மெத்தில் யூஜினால், மாம்பழ ஈயின் ஆண்களை இழுக்கும். பாவக்காய், புடலங்காயைத் துளைப்பது வேறு இன ஈ. அதற்கு மெத்தில் யூஜினால் பிடிக்காது. கியூ-லூர் பொறிதான் வேணும். தாக்கிய காய்களைப் பந்தலுக்கு அடியிலேயே போடாமல் பொறுக்கி அழிப்பதும், பிஞ்சைக் காகித உறையால் மூடுவதும் சேர்ந்தால்தான் பலன்.

ஆக, பாட்டில் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாக்கிய இலையையோ காயையோ உங்கள் ஊர் கிருஷி பவனுக்குக் கொண்டுபோய், என்ன பூச்சி என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.