கால் அலைக் கம்பியும் காணாத மறுபாதியும்

மகிழுந்தின் கூரைமீது காந்தத்தால் ஒட்டி நிற்கும் ஏரியலைப் பலரும் கண்டிருப்போம். அதனை வீட்டிற்குள் கொணர்ந்து, பல அலைவரிசைகளைத் துழாவிக் கேட்கும் 'ஸ்கேனர்' வானொலியுடன் இணைத்து மரமேசையில் வைத்தால் ஒலி மங்கிவிடுகிறது. கம்பியும் அதுவே, கருவியும் அதுவே. குறை எங்கே உள்ளது?

நாம் காணும் கம்பி ஏரியலின் ஒரு பாதியே. மறுபாதி அதன் அடியிலுள்ள இரும்புத் தளம். மார்க்கோனி தம் தொடக்கக்காலச் சோதனைகளில் கருவியின் ஒரு முனையை நிலத்தோடு இணைத்தபோது செய்தி வெகுதொலைவு சென்றது. மகிழுந்தில் அந்நிலத்தின் பணியைக் கூரை ஆற்றுகிறது. இடையே வண்ணப்பூச்சு இருப்பினும், காந்த அடியும் கூரையும் மின்தேக்கியின் இரு தகடுகள்போல் அமைவதால் உயர் அதிர்வெண் மின்னோட்டம் தடையின்றிச் செல்கிறது.

கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காதல் வேண்டும். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிட்டும். கப்பல்களின் இடர் அழைப்புக்குரிய 16-ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 191 செ.மீ.; ஆகவே கம்பி 48 செ.மீ. தளமும் கம்பியைச் சுற்றி அவ்வளவு பரந்திருத்தல் நன்று. அவ்வளவு கிட்டாவிடினும் இரும்பு பீரோவின் உச்சி மரமேசையினும் மேலானது. அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது.

இத்தகைய கருவியை வைத்திருப்பதற்கும் கேட்பதற்கும் நாட்டுச் சட்டம் வகுத்த உரிமத்தைப் பெறுதல் நம் கடமை.

அலையிடைத் தத்தளிக்கும் படகொன்றின் மெலிந்த குரல் தெளிவதும் இரைச்சலில் மூழ்குவதும், கண்ணில் படாத அத்தளத்தைப் பொறுத்தே அமையலாம்.