சேமித்த பின் திறந்து பாருங்கள்
நோய்க்குறிப்புகளைக் கணினியில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்குத் தோலழற்சியும் மூச்சிரைப்பும் வரக்கூடும். தோலைப் பதனிடப் பயன்படும் குரோமிய உப்புகள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. இத்தகைய நோய்களில் அரிப்பு எப்போது தொடங்கியது, எந்த வேலையின்போது மிகுந்தது, விடுமுறை நாள்களில் குறைந்ததா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்னும் விவரங்களே மருத்துவருக்கு வழிகாட்டுகின்றன. ஆதலால் பெற்றோரின் நோய்க்குறிப்பைப் பிள்ளைகள் கணினியில் எழுதி வைப்பது நல்ல வழக்கம். எனினும், எழுதியவை அனைத்தும் சேமிக்கப்பட்டுவிட்டன என்று எண்ணிவிடலாகாது. சேமிக்கும்போது நேரும் பிழைகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் இங்கே காண்போம்.

தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளானால்

மருந்துப் பட்டியலையோ சர்க்கரை அளவையோ எக்செல்லில் தமிழில் எழுதி, சாதாரண ‘சிஎஸ்வி’ வகையில் சேமித்தால், தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும். அப்போது திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். மூடித் திறந்தால்தான் இழப்பு புலப்படும். வினாக்குறிகளான எழுத்துகளை அந்தக் கோப்பிலிருந்து மீட்க இயலாது. எக்செல்லின் வழக்கமான வகையிலோ ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வகையிலோ சேமித்தால் இத்துன்பம் இல்லை. பழைய விண்டோஸ் நோட்பேடில் ‘ஆன்சி’ என்பதற்குப் பதிலாக ‘யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளில் நோட்பேடு இதனைத் தானே செய்கிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய கோப்பு, வேறொரு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அங்கே எழுத்துகள் அழியவில்லை. அந்த எழுத்துருவை நிறுவினால் மீண்டும் படிக்கலாம். புதிதாக எழுதுவோர் யூனிகோடிலேயே எழுதுவது நலம்.

கோப்பின் பெயரை ஏற்க மறுத்தால்

பலரும் பரிசோதனை நாளையே கோப்புக்குப் பெயராக இடுகின்றனர். ‘12/05/2024’ என்னும் பெயரை விண்டோஸ் ஏற்காது. சாய்கோடுகள், முக்காற்புள்ளி, வினாக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள்குறி போன்றவை அங்கே விலக்கப்பட்டவை. ‘2024-05-12 இரத்தப் பரிசோதனை’ என்று எழுதுங்கள். ஆண்டு முதலில் வருவதால் கோப்புகள் கால வரிசையிலும் தாமே அமையும்.

திருத்தத்தைச் சேமிக்க இயலாவிட்டால்

மின்னஞ்சலிலோ குறுந்தகட்டிலோ வந்த கோப்பை அங்கிருந்தே திறந்தால், அது படிக்க மட்டுமே உரியதாக இருக்கலாம். திருத்தங்களை இழக்காதிருக்க, மூடுவதற்கு முன் ‘சேவ் ஆஸ்’ கட்டளையைக் கொடுத்து, உங்கள் கணினியின் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் வேறு பெயரில் சேமியுங்கள்.

இடமிருந்தும் ஏற்காவிட்டால்

‘ஃபேட்32’ முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட தனிக்கோப்பைச் சேமிக்க இயலாது. ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றினால் ஏற்கும். ஆனால் அவ்வாறு மாற்றும்போது உள்ளிருப்பவை யாவும் அழியும். ஆகவே முதலில் அவற்றை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் குறுந்தகட்டைப் படியெடுக்கும்போது, ஓரிரு படங்களை மட்டும் எடுக்காமல் அதிலுள்ள அனைத்தையும் எடுக்க வேண்டும். இல்லையேல் அடுத்த மருத்துவரால் முழுமையாகப் பார்க்க இயலாமற் போகலாம்.

மின்தடையும் அவசரமும்

வேர்டு செயலி வழக்கமாகப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை மீட்புப் படியொன்றை வைத்துக்கொள்கிறது. இடையில் மின்சாரம் நின்றால் கடைசிச் சில நிமிட எழுத்து போய்விடும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ‘கண்ட்ரோல்’, ‘எஸ்’ விசைகளைச் சேர்த்து அழுத்தும் பழக்கம் காக்கும். பென் டிரைவை ‘இஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்குவது கோப்பைச் சிதைத்துவிடலாம்.

கடைக் கணினியில் எழுதுவோர்க்கு

நோய் விவரம் குடும்பத்துக்கு மட்டுமே உரியது. பிரவுசிங் சென்டர்களில் வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்து, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிய பின்னரே எழுந்திருங்கள்.

எந்தக் கணினியில் எழுதினாலும், சேமித்த பின் கோப்பை மூடி, மீண்டும் திறந்து, மருந்தின் பெயரும் அளவும் சரியாக உள்ளனவா என்று மூலத்தாளுடன் ஒப்பிடுங்கள். ஒரு படியைப் பென் டிரைவிலும், மற்றொன்றை மின்னஞ்சலிலோ வேறொரு கணினியிலோ வையுங்கள். மூலத்தாள்களையும் கைவிட வேண்டாம். காப்பீட்டுக்கு அவையே கேட்கப்படலாம். ஒவ்வாமை தரும் மருந்தின் பெயரை மட்டும் ஒரு சிறு தாளில் எழுதி, நோயாளியின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துவிடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் கணினியைத் திறந்து பார்க்க நேரமிருக்காது.