மூட்டத்துத் துளையும் அறைக் கதவும்

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, மேலே மண் பூசி மூட்டம் போடுகிறார்கள். உள்ளே தீ இருந்தும் விறகு சாம்பலாவதில்லை, கரியாகிறது. காற்றுத் துளையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. பூச்சில் வெடிப்பு விட்டால் அந்த இடத்து விறகு எரிந்து வீணாகும். முதலில் கிளம்பும் வெண்புகையில் பெரும்பகுதி விறகின் ஈரம். புகை மெலிந்து நீலம் தட்டினால் கரி ஆகிவிட்டது என்று துளைகளை அடைப்பார்கள். எவ்வளவு விறகு கிடக்கிறது என்பதைவிட எவ்வளவு காற்று நுழைகிறது என்பதே நெருப்பின் போக்கை முடிவு செய்கிறது. வீட்டு அறையில் பற்றும் தீக்கும் இதே விதிதான்.

3 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 15-ஐ நெருங்கும்போதே சுடர் தள்ளாடும். அதுவரை, அடைத்த அந்த அறையின் காற்று சுமார் ஒன்றரைக் கிலோ விறகு எரியத்தான் காணும். ஒரு மெத்தையே அதைவிடக் கூடுதலான எடை. தீ தானாக அணைந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். சுடர்தான் அடங்கும், சூடு அடங்காது. பொருள்கள் வெந்து வெந்து, எரியாத வாயுக்களாகக் கூரையடியில் திரளும். அரைகுறையாக எரிவதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அன்று தீ பற்றியது அடித்தளத்தில்; மேல்மாடிகளில் சுமார் 90 பேர் இறந்தார்கள். கண்ணாடியால் அடைத்த கட்டடத்தில் புகை வெளியேற வழியில்லை. பெரும்பாலோரைத் தீ தொடவே இல்லை, மூச்சுத் திணறித்தான் போனார்கள்.

அப்படியானால் கதவைத் திறந்துவிடலாமா? அது இன்னும் ஆபத்து. பசித்துக் கிடக்கும் அந்த வாயுவில் புதுக் காற்று கலந்ததும் அறையே வெடித்துச் சுடராக வெளியே பாயும். கதவு கொதித்தால், இடுக்கில் புகை வெளிவந்து மறுபடி உள்ளிழுக்கப்பட்டால், ஜன்னல் கண்ணாடி கருத்திருந்தால், திறக்காமல் தீயணைப்புத் துறையை 101-இல் அழைக்க வேண்டும். அவர்கள் உயரத்தில் புகைக்கு வழிவிட்டு, தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டே நுழைவார்கள். தப்பி வருகிறவர் கதவைச் சாத்திவிட்டு வருவது சரியே. தீக்குக் காற்று குறையும், மற்றவர் தப்ப நேரம் கிடைக்கும். இந்தக் கணக்கு செல்லாத இடமும் நம் பக்கத்திலேயே உண்டு. கோவில்பட்டித் தீப்பெட்டியின் குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் ஆக்சிஜனைத் தானே சுமந்துவருகிறது. கதவை அடைத்து அந்தத் தீயை அடக்க முடியாது. அங்கே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைப்பதும், ஆள்கள் ஓடி வெளியேற அகலமான வாசல்களை மறிக்காமல் வைப்பதும்தான் உயிர் காக்கும்.